அடுத்த சீசன் 2059

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தேவேந்திரனின் கட்டடத்தைத் தேடி வருகிறவர்கள் கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் தறிச்சத்தம் கேட்கும். எதிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லையோ அதுதான் அவருடையது. மூன்று மாடி, பச்சைக் கண்ணாடி, நெற்றியில் தங்க எழுத்தில் 'அத்தி ரெசிடென்சி'. அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் 'யாத்ரீகர்களின் இரண்டாம் இல்லம்'. யாத்ரீகர்கள் ஏனோ முதல் இல்லத்திலேயே தங்கிவிட்டார்கள்.

தேவேந்திரன் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கார்டு இருக்கும். 'கு. தேவேந்திரன், ரியல் எஸ்டேட் இன்வெஸ்டர்'. பின்பக்கத்தில் கட்டடத்தின் படம். படத்தில் வாசலில் இரண்டு கார்கள் நிற்கும். அந்தக் கார்கள் அச்சகத்துக்காரர் பிரியமாகச் சேர்த்துக் கொடுத்தவை. உண்மையில் அந்தத் தெருவுக்குள் ஒரு கார் நுழைந்தாலே, எதிரே வரும் சைக்கிள்காரர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி ஒதுங்கவேண்டியிருக்கும்.

அந்த லாட்ஜுக்குப் பக்கத்திலேயே அவருடைய பழைய வீடு. அங்கே அவர் மனைவி கலைவாணி தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தாமலே கேட்டாள்.

"இன்னாங்க, ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு வருது. இன்னா சொல்லப் போறீங்க?"

"பாக்கலாம். மார்க்கெட்டு இப்போ ஒரு மாதிரி இருக்குது."

"மார்க்கெட்டு எப்பவுமே ஒரு மாதிரிதான் இருக்குது. நீங்கதான் ஒரே மாதிரி இருக்கறீங்க."

தேவேந்திரன் செய்தித்தாளைப் புரட்டினார். இந்த மாதிரிச் சமயங்களில் இன்வெஸ்டர்கள் பதற்றப்படக் கூடாது என்பது அவர் கொள்கை.

கலைவாணி நாடாவை நிறுத்தினாள். அதுதான் பதற்றப்பட வேண்டிய நேரம்.

"நல்லாக் கேட்டுக்குங்க. அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் பில்லு, வீட்டு வரி, மோட்டார் ரிப்பேரு எல்லாம் இந்தத் தறியிலருந்து போவுது. ஒருத்தரும் படுக்காத கட்டிலுக்கு ஆறு வருஷமா நான் நெய்துக்கினு இருக்கறேன். இந்தப் பொண்ணையும் திருப்பி அனுப்புனீங்கன்னா, அடுத்த மாசத்துலருந்து ஒரு பைசா கட்ட மாட்டேன். புரோக்கர் வேலாயுதத்தக் கூப்ட்டு வந்த வெலைக்குத் தள்ளிவுட்டுட்டு, அந்தக் கார்டெல்லாம் என்கிட்டக் குடுத்துடுங்க. நூல் சுத்த அட்டை வேணும்."

நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. தேவேந்திரன் சட்டைப்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற பெண் எஸ்தர். பக்கத்துக் கிராமமான தாமலில் இருக்கும் முனிரத்தினத்தின் மகள். மஸ்கட்டில் எட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள், இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களுக்காக ஹாஸ்டல் நடத்துகிறாள். இரண்டு சின்ன வீடுகளில் நெருக்கிக்கொண்டிருக்கும் பெண்களை ஒரே கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அத்தி ரெசிடென்சி பிடித்திருக்கிறது. தேவேந்திரன் பதில் சொல்லாவிட்டால் ஓரிக்கையில் இன்னொரு கட்டடம் தயாராக இருக்கிறது. "ஞாயித்துக்கெழம கேப்பேன் அங்கிள். அப்பவும் பாக்கலாம்னு சொன்னீங்கன்னா, நான் அங்க அட்வான்ஸ் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஆறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தை உண்மையாகக் கேட்டு வந்த ஆள் அவள் ஒருத்திதான். அவளுக்குச் சரி என்று சொல்ல என்ன தடை? தேவேந்திரனைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்: "சீசன்."

*

அந்தச் சீசனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தின் அடியில் இருக்கும் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வந்து ஒரு மண்டலம் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விடுவார். எழுபத்தொன்பதில் வந்தபோது தேவேந்திரனுக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய அப்பா குமாரசாமி வாசலில் ஒரு அண்டா வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீர்மோர் கொடுத்தார். சும்மா கொடுத்தார். அப்பாவுக்கு மார்க்கெட் தெரியாது என்று தேவேந்திரன் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார்.

அடுத்த முறை வந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். அந்த வருஷம் வைகாசியில்தான் ஒரே மகள் ஜெயப்ரியாவைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். அதுவரை பாட்டும் போனும் சண்டையுமாக இருந்த வீட்டில் கலைவாணி நெய்கிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு பேரும் சாப்பிடும்போது அப்பளம் நொறுங்குவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

ஆனி மாதம் பாதியில் ஒரு காலை, ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டது. கோவில்பட்டிக்காரர்கள். கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் நிற்கவே இடமில்லை என்று இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்கள். கலைவாணி தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்றார்கள். உட்கார்ந்தார்கள். கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா என்றார்கள். படுத்தார்கள். மறுநாள் கிளம்பும்போது, வேண்டாம் வேண்டாம் என்று கலைவாணி சொல்லச் சொல்ல, வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

தேவேந்திரன் தட்டைப் பார்த்தார். மார்க்கெட் திறந்துவிட்டது.

ஜெயப்ரியா சின்ன வயதில் எழுதிய சிலேட்டு ஒன்று பரணில் இருந்தது. அதைத் துடைத்து வாசலில் மாட்டினார். கூடம் இவ்வளவு, மொட்டை மாடி இவ்வளவு. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வந்து ஒரு விலை எழுதுவார். சாயங்காலம் கோயில் வரிசை எந்தத் தெரு வரை நிற்கிறது என்று விசாரித்துவிட்டு இன்னொரு விலை எழுதுவார். மழை தூறினால் மொட்டை மாடி இறங்கும், கூடம் ஏறும். வெயில் கொளுத்தினால் தறிக்குழி ஏறும். ஆமாம், தறிக்குழிக்கும் ரேட் உண்டு. கோவில்பட்டிக் குடும்பம் சொல்லி அனுப்பியதாக வந்த ஒரு பெரியவர், முழங்கால் வலியால் தரையில் படுத்து எழ முடியாதவர், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். குழி ஜில்லென்று இருக்கிறது, வீட்டு ஏசியை விட இதுவே மேல் என்றார். அடுத்த நாள் சிலேட்டில் புது வரி ஏறியது: 'குழி (குளிர்ச்சி)'.

பெருமாள் முதலில் சயனத்தில் இருந்தார். கடைசியில் நின்ற கோலம். அவர் எழுந்து நின்ற அன்று தேவேந்திரனின் ரேட்டும் கூடவே எழுந்து நின்றது. பரம்பரையாக விபூதி பூசுகிற குடும்பம்; ஏகாம்பரநாதருக்கு வருஷா வருஷம் பட்டு சாத்துகிறவர்கள். அந்த ஒரு மண்டலம் மட்டும் தேவேந்திரனுக்குப் பெருமாள் பேரில் கொஞ்சம் பற்று அதிகமாகிவிட்டது. ஈஸ்வரன் நிரந்தர டெபாசிட், பெருமாள் ஷேர் மார்க்கெட் என்று டீக்கடையில் விளக்கம் கொடுத்தார்.

ஆனால் சிலேட்டில் எழுதாதவையும் உண்டு. தறியில் பாவாக ஓடின பட்டு நூலுக்கு மேலே கயிறு கட்டி, ஈர வேட்டிகள் காய்ந்தன. கூடத்தில் துளசி வாசனையும் பட்டுக்கஞ்சி வாசனையும் கலந்து வந்தன. நெல்லூரிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்குக் கலைவாணி இட்லி வைத்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் போதும் என்று தெலுங்கில் "சாலு, சாலு" சொல்லி இலையை இரண்டு கையாலும் மறைத்தாள். மறைத்த கையின் மேலேயே கலைவாணி ஒன்றை வைத்தாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மொட்டை மாடியில் படுத்திருந்த நாமக்கல்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கலைவாணி அப்படிச் சிரித்து தேவேந்திரன் பார்த்ததே கல்யாணமான புதிதில்தான்.

விடியற்காலையில் குளியலறை முன் வரிசை நிற்கும். கோயில் வரிசைக்குப் பயிற்சி அது. தேவேந்திரன் தோளில் துண்டோடு மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு கத்துவார்: "ஆளுக்கு ஒரு பக்கெட்டு! ஒரே பக்கெட்டு! சொம்பு கொண்டாந்து ஏமாத்தாதீங்கம்மா!" அந்தக் குரலுக்கு யாரும் பயப்படவில்லை. சொம்பிலும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆவணி பிறந்த அன்று பெருமாள் மறுபடி குளத்துக்குள் போனார். அன்று சாயங்காலத்துக்குள் வீடு காலியானது. தேவேந்திரன் வாசலில் நின்றார். சிலேட்டில் காலையில் எழுதிய விலை அப்படியே இருந்தது. அழிக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே கலைவாணி ஆட்கள் மறந்துவிட்டுப்போன சாமான்களைப் பொறுக்கி ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளம் நொறுங்கியது. வாசலில் போகிற யாரையாவது உள்ளே கூப்பிட வேண்டும்போல் இருந்தது தேவேந்திரனுக்கு.

அதை அவர் பிசினஸ் ஐடியா என்று எடுத்துக்கொண்டார்.

*

தாமலில், ஏரிக்குப் பக்கமாக, அப்பா வாங்கிப்போட்ட நிலம் இருந்தது. அதை விற்றுத்தான் லாட்ஜ் கட்டினார். வாங்கியவர் அந்த நிலத்தில் தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பத்தைச் சேர்ந்த முனிரத்தினம். பணம் மஸ்கட்டிலிருந்து எஸ்தர் அனுப்பியது. அட்வான்ஸ் கொடுக்கும்வரை முனிரத்தினம் அவரை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார். பத்திரம் பதிந்த அன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் டீ குடிக்கும்போது அது "சார்" ஆகிவிட்டது. தாமல் பக்கம் சாலை அகலமாகி நிலத்தின் விலை மூன்று மடங்கானபோது, "தேவேந்திரன் சார்" ஆனது. மார்க்கெட்டின் ஏற்ற இறக்கத்தை தேவேந்திரன் இதில்தான் துல்லியமாக உணர்ந்தார். நிலம் ஏற ஏற அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

வழியில் பார்க்கும்போதெல்லாம் முனிரத்தினத்துக்கு அவர் ஆலோசனை கொடுப்பார்.

"அவசரப்பட்டு வித்துடாத முனிரத்தினம். ஹோல்ட் பண்ணு. ஹோல்டிங்தான் முக்கியம்."

"நான் எங்க சார் ஹோல்டு பண்றேன்? நெல்லு போட்டுக்கினு இருக்கறேன்."

லாட்ஜ் திறந்தது இரண்டாயிரத்து இருபது பங்குனியில். திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரம் வாடுவதற்குள் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு கதவு திறந்தபோதும் யாரும் வரவில்லை. பட்டு எடுக்க வருகிறவர்கள் காலையில் சென்னையிலிருந்து காரில் வந்து, சாயங்காலம் காரிலேயே போய்விடுகிறார்கள். கோயிலுக்கு வருகிறவர்களும் அப்படியே. காஞ்சிபுரத்தில் ராத்திரி தங்கியே ஆக வேண்டிய கட்டாயம் பெருமாள் குளத்தைவிட்டு வெளியே வந்தால்தான் உண்டு. அதற்கு இன்னும் முப்பத்தொன்பது வருஷம் இருந்தது.

"லாங் டெர்ம்," என்றார் தேவேந்திரன்.

புரோக்கர் வேலாயுதம் மட்டும் போன் செய்துகொண்டிருந்தார். விமான நிலையம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பும். "அண்ணே, மார்க்கெட்டு கொதிக்குது, ஒரு பார்ட்டி கேக்கறாங்க" என்பார். கொதிக்கும்போது யாராவது விற்பார்களா? தேவேந்திரன் விலையை ஏற்றிச் சொல்வார். அந்தப் பேச்சு அடங்கிவிடும். "அண்ணே, டல்லா இருக்குதுண்ணே, பாதிதான் கேக்கறாங்க" என்பார் வேலாயுதம். டல்லாக இருக்கும்போது யாராவது விற்பார்களா? இப்படி ஏறும்போதும் விற்காமல் இறங்கும்போதும் விற்காமல், மார்க்கெட்டின் எல்லா ஆபத்துகளிலிருந்தும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். இதற்கான செலவைத் தறி பார்த்துக்கொண்டது.

*

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் சர்ச் முடிந்ததும் நேராக வந்தாள். பின்னால் ஸ்கூட்டியிலிருந்து முனிரத்தினம் இறங்கினார். தேவேந்திரன் லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கும் பித்தளைப் பொத்தானை அன்று காலை புளி போட்டுத் தேய்த்திருந்தார்.

"இன்னா அங்கிள், முடிவு பண்ணிட்டீங்களா?"

"உக்காரும்மா. கட்டடம் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒரு கண்டிசன் இருக்குது. ரெண்டாயிரத்து அம்பத்தொம்போதுல நீ காலி பண்ணிக் குடுத்துடணும்."

எஸ்தர் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"அங்கிள், வாடகை அக்ரிமென்ட்டு பதினோரு மாசத்துக்குத்தான் போடுவாங்க."

"போடட்டும். ஆனா கண்டிசன் அதுல இருக்கணும். பெருமாள் வெளிய வர்ற வருசம். ஜனம் வரும். நான் ரூம் இல்லன்னு சொல்ல முடியாது."

"அப்போ எனக்கே அறுபத்தெட்டு வயசு ஆயிடும். உங்களுக்கு?"

"தொண்ணூத்தி ரெண்டு. அதுக்கு இன்னா இப்போ?"

முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். "போட்டுக்கட்டும் எஸ்தரு. பெருமாள் விசயத்துல நாம இன்னாத்துக்கு வம்பு?"

எஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். "சரி அங்கிள். பெருமாள் வர்ற அன்னிக்கு நானே புள்ளைங்களக் கூட்டிக்கினு கெளம்பிட்றேன். எழுதிக்குங்க. ஆனா எனக்கும் ஒரு கண்டிசன். எல்லா ரூமும் வேணும். அந்த ஒண்ணாம் நம்பரும். புள்ளைங்க யாருக்காச்சும் ஜொரம் கிரம்னா தனியாப் படுக்க வைக்கணும். போன தடவ அதக் காட்டவே இல்ல நீங்க."

தேவேந்திரன் முகம் மாறியது. "அது குடுக்கறதுக்கு இல்லம்மா."

"அப்போ ஓரிக்கைதான்," என்று எஸ்தர் பேனாவை மூடினாள். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

தறிச்சத்தம் நின்றிருந்தது. கலைவாணி தலையில் ஒட்டிய பட்டுத் துணுக்குகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "சாவியக் குடுங்க," என்றாள்.

"கலா..."

"குடுங்க."

அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆறு வருஷமாக அந்தச் சாவி மற்றச் சாவிகளோடு சேர்ந்திருக்கவில்லை.

கலைவாணி திறந்த ஒன்றாம் நம்பர் அறையில், கட்டிலின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வரிசையாகச் சாமான்கள். ஏழெட்டு குடை. ஒற்றைச் செருப்பு. கைப்பிடியில் 'நாமக்கல்' என்று ஆணியால் கீறின ஒரு ஊன்றுகோல். நெல்லூர் அம்மாளின் ஜரிகை போட்ட சுருக்குப்பை. ஒரு குழந்தையின் பனியன், அதில் பால் கறை. ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் மேல்வரிசைப் பல் செட்.

"அய்யோ ஏசப்பா, இது யாருதுப்பா?" என்று எஸ்தர் ஒரு அடி பின்வாங்கினாள்.

"குழில தூங்குனாரே, அந்தப் பெரியவரோடது," என்றார் தேவேந்திரன், தரையைப் பார்த்துக்கொண்டு. "தெனம் தண்ணி மாத்தி வைக்கறேன். பல்லு இல்லாம இன்னா சாப்பிட்டுக்கினு இருக்கறாரோ. வருவாங்கம்மா எல்லாரும். வந்து கேப்பாங்க. அப்போ நாம தூக்கிப் போட்டுட்டோம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவர் இவற்றை இங்கே வைத்திருப்பது கலைவாணிக்குத் தெரியாது. அன்று மூலையில் சேர்த்து வைத்தவளே அவள்தான். அவர் எங்கோ கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தாள். சுருக்குப்பையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே காய்ந்த பாக்கு இரண்டு. முகர்ந்தாள்.

"சாலு, சாலு," என்றாள் பிறகு, தனக்குத்தானே.

"அந்தம்மா எட்டு இட்லி சாப்பிட்டாங்க," என்றார் தேவேந்திரன்.

"பத்து. நீங்க மோட்டார் போடப் போயிட்டீங்க." கலைவாணி வேட்டியின் நாலு முனையையும் சேர்த்து மூட்டை கட்டத் தொடங்கினாள். "ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன். இவுங்கள்லாம் திரும்பி வந்தா எங்க வந்து கேப்பாங்க?"

"இங்கதான்."

"இந்த லாட்ஜு அவுங்களுக்குத் தெரியுமா? அவுங்க பாத்தது நம்ம வீடு. படுத்தது நம்ம கூடத்துல. அவுங்க வந்தா நேரா நம்ம வாசல்லதான் வந்து நின்னு தண்ணி கேப்பாங்க."

தேவேந்திரன் வாயைத் திறந்தார். இன்வெஸ்டர் என்ற முறையில் இதற்கு ஒரு பதில் இருக்கவேண்டும். மூன்று மாடியையும் மனதுக்குள் ஒரு முறை ஏறி இறங்கித் தேடிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒற்றைச் செருப்பை எடுத்து மூட்டைக்குள் வைத்தார்.

"பரண்ல வைக்கலாம்," என்றார். "சிலேட்டு பக்கத்துல."

"டம்ளர நீங்க எடுத்துக்குங்க. நான் தொட மாட்டேன்."

முனிரத்தினம் குடைகளை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தேவேந்திரன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீர் தளும்பாமல், தன் லாட்ஜிலிருந்து தன் வீட்டுக்கு நடந்து போனார். எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி வழிவிட்டார்.

*

தை மாதம் பெண்கள் வந்தார்கள். தென்காசிப் பெண்கள், அரியலூர்ப் பெண்கள், தமிழே தெரியாத ஒரிசாப் பெண்கள் நாலு பேர். டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி, சார்ஜர், கேஸ் அடுப்பு கூடாது என்று சொல்லியும் ஒரு குட்டி கேஸ் அடுப்பு. கலைவாணி முதல் நாளே ஒரு சட்டி இட்லியோடு போய், திரும்பி வரும்போது வெறும் சட்டியும், தெரிந்துகொண்ட ஐந்தாறு பெயர்களுமாக வந்தாள். அன்று நெய்யவில்லை.

மறுநாள் விடியற்காலை தேவேந்திரன் ஏதோ இரைச்சல் கேட்டு விழித்தார். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம். அடுத்த கட்டடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், கதவு தட்டுகிற சத்தம், ஒரே சமயத்தில் நாலு பாட்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். குளியலறை முன்னால் மாடிப்படி வரைக்கும் வரிசை நின்றது. வாளியோடு நின்றவர்களுக்கு நடுவில் ஒருத்தி இரண்டு வாளி வைத்திருந்தாள். அவர் கண் உடனே பார்த்துவிட்டது.

"ஆளுக்கு ஒரு பக்கெட்டு! ஒரே பக்கெட்டு!"

யாரும் பயப்படவில்லை. "தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க, பஸ் போயிடும்," என்று அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள் இரண்டு வாளிக்காரி.

தாத்தா. ஐயாவிலிருந்து கிளம்பிய விலை எவ்வளவு தூரம் இறங்க முடியுமோ அவ்வளவும் இறங்கியாகிவிட்டது. தேவேந்திரன் தள்ளி நின்றார். மோட்டார் ஸ்விட்சைப் போட்டார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. வேலாயுதம். இந்த நேரத்தில் கூப்பிடுகிறார் என்றால் மார்க்கெட் நன்றாகவே கொதிக்கிறது.

"அண்ணே! பெரிய பார்ட்டிண்ணே. நீங்க சொன்ன வெலையே குடுக்கறாங்களாம். அண்ணே, கேக்குதா?"

"இன்னாபா?"

"வெலைண்ணே, வெலை! இன்னாண்ணே ஒரே சத்தமா இருக்குது, எங்க இருக்கறீங்க?"

தேவேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்து வரிசையின் பக்கம் நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?" என்றார் பிறகு. "நம்ம லாட்ஜுலதான்பா இருக்கறேன்."